ஆறு இரவில் நாலு ஊரா, டார்ஜிலிங் மட்டுமா?

கேள்வி: சேலத்தில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 62, மனைவிக்கு 57. பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. நாங்கள் இருவர் மட்டும் முதன்முறையாக நீண்ட பயணம் போக நினைக்கிறோம். ஏற்காடு, ஊட்டி தவிர வேறு மலை பார்த்ததில்லை. டார்ஜிலிங் போக ஆசை. ஒரு நிறுவனத்தில் கேட்டதற்கு காங்டாக் 2 இரவு, பெல்லிங் 1, டார்ஜிலிங் 2, காலிம்போங் 1 என்று ஆறு இரவுக்குப் பேக்கேஜ் போட்டுத் தந்தார்கள். நாதுலா கணவாயும் டைகர் ஹில்லும் அதில் உண்டு. செப்டம்பர் கடைசியில் கிளம்பலாம் என்கிறார்கள். மனைவிக்கு முழங்கால் வலி இருக்கிறது. "அந்தப் பனிமலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா எனக்குப் போதும்" என்கிறாள். ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு எல்லாவற்றையும் பார்க்காமல் வரலாமா? அவள் காலுக்குச் சிரமம் இல்லாமல் எல்லா இடமும் பார்க்க வழி சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் மனைவி சொன்னதையே பயணத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு இரவில் ஐந்தை டார்ஜிலிங்கிலேயே தங்குங்கள். கடைசி இரவு, இறங்குகிற வழியில் கர்சியாங். காங்டாக், பெல்லிங், காலிம்போங், நாதுலா நான்கையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். செப்டம்பரும் வேண்டாம். தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்புங்கள்.

அம்மாவின் முழங்காலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் முழங்கால் இரும்பாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். நீங்கள் அவ்வளவு தூரம் போவது கஞ்சன்ஜங்காவைப் பார்க்க. 8,586 மீட்டர் உயரம், உலகத்திலேயே மூன்றாவது பெரிய சிகரம். ஊருக்கு வடக்கே, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் தினமும் தெரியாது. தெரிகிற நாளிலும் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது, பத்து மணி வரைதான் முழுசாகத் தெரியும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி மூடிவிடும். சில நாள் காலையிலேயே மூடியிருக்கும், மறுநாள் துடைத்து வைத்ததுபோல் திறந்துவிடும். அதனால் எத்தனை 'பாயின்ட்' பார்த்தோம் என்பதை வைத்துப் பனிமலை தெரிவதில்லை. எத்தனை காலைப் பொழுது அதற்கு எதிரே இருந்தோம் என்பதுதான் கணக்கு. உங்களுக்குத் தந்திருக்கும் பேக்கேஜில் டார்ஜிலிங்கில் கிடைப்பது இரண்டே காலைகள். அதில் ஒன்று காலிம்போங்குக்குப் பெட்டி கட்டும் காலை. ஐந்து இரவு தங்கினால் ஐந்து காலை. நவம்பரில் அதில் இரண்டு மூன்றாவது மலை முகம் காட்டும் என்று நம்பிப் போகலாம்.

அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்காரும் நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். ரயிலில் போய் இறங்கும் நியூ ஜல்பைகுரியிலிருந்து காங்டாக் நாலு, ஐந்து மணி நேரம். அடுத்த நாள் நாதுலா, போய்வர ஒரு பகல் முழுக்க. காங்டாக்கிலிருந்து பெல்லிங், பெல்லிங்கிலிருந்து டார்ஜிலிங், இரண்டுக்கும் தலா நாலு ஐந்து மணி நேரம். பிறகு காலிம்போங், பிறகு இறக்கம். இத்தனையும் கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் சின்ன தூரம்தான். சேலத்திலிருந்து மதுரை போகிற மாதிரி நினைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட, காலை மடக்கியபடி வண்டியில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் கொடுமை. "காலுக்குச் சிரமம் இல்லாமல் எல்லா இடமும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வழி இல்லை, ஐயா. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் பேக்கேஜ் விற்கிறார்.

அடுத்தது நாதுலா. கடிதத்தில் அம்மாவின் காலைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதிவிட்டு, உங்கள் ஸ்டென்ட்டைக் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கவலை. காங்டாக் ஏறக்குறைய 5,400 அடி. நாதுலா 14,140 அடி. காலையில் வண்டி ஏறினால் மதியத்துக்குள் அவ்வளவு உயரம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். உடம்பு பழக நேரமே இல்லை. காற்றில் ஆக்சிஜன் குறைவு, குளிர்க்காற்று வேறு, மேலே படி ஏறவும் வேண்டும். இதய சிகிச்சை எடுத்தவர் உங்கள் இதய மருத்துவரிடம் நேரில் கேட்டு, அவர் சரி என்று சொல்லாமல் அங்கே போகவே கூடாது. "நிறைய பேர் போறாங்க சார்" என்பது பதில் ஆகாது. டார்ஜிலிங் அப்படி இல்லை. சுமார் 6,700 அடி, நீங்கள் போய்வந்த ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வுதான். ஆனால் வடக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் குளிர் ஊட்டியைவிடக் கூடுதல். குளிரில் ஏற்றம் ஏறினால் இதயத்துக்கு வேலை அதிகம் என்பதால், டார்ஜிலிங் போவதையும் அதே மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள்.

மாதம் ஏன் மாற வேண்டும் என்று கேட்பீர்கள். செப்டம்பர் கடைசி வரை அங்கே மழைக்காலம். மலை தெரியாது என்பதோடு, சாலையும் நம்பிக்கையில்லை. அக்டோபரில் மழை நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் 2025 அக்டோபர் முதல் வாரத்தில் கொட்டிய மழையில் டார்ஜிலிங் மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின, மிரிக் பக்கம் துதியாவில் இரும்புப் பாலமே உடைந்தது. சுற்றுலா வந்தவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். அதோடு துர்கா பூஜை விடுமுறையில் கொல்கத்தாவே அங்கே வந்து நிற்கும். அறை வாடகையும் வண்டிக் கூலியும் எகிறும். தீபாவளிக்கு அங்கே காளி பூஜை, அதுவும் முடிந்தால் கூட்டம் வடியும், வானம் தெளியும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை போகலாம். இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும், ஆனால் பகல் வெயில் இதமாக இருக்கும். ஜனவரிக் குளிர் உங்களுக்கு வேண்டாம்.

இனி விடுதி. இதில்தான் உங்கள் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இருக்கிறது. பணத்தை இதில் செலவழியுங்கள், வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

டார்ஜிலிங் ஒரு மலைமுகட்டில் தொங்கும் ஊர். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதென்றால் படி இறங்க வேண்டும், இல்லை ஏற வேண்டும். உச்சியில் சௌரஸ்தா என்ற திறந்த சதுக்கம். அங்கே வண்டிகள் வர அனுமதி இல்லை. சுற்றிலும் பெஞ்சுகள், நடுவில் புறாக்கள், ஓரத்தில் நேபாளிக் கவிஞர் பானுபக்தரின் சிலை. சௌரஸ்தாவுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே மட்டத்தில் இருக்கும் விடுதியாகப் பாருங்கள். கீழே பஜார் பக்கம் பாதி விலைக்கு அறை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் அம்மா அந்த ஏற்றத்தை ஏற வேண்டியிருக்கும். இரண்டாவது நாளே "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்.

முன்பதிவு செய்யும்முன் விடுதிக்கு நீங்களே போன் செய்து சில விஷயங்களைக் கேளுங்கள். வண்டி நிற்கிற இடத்திலிருந்து வரவேற்பு மேசை வரை எத்தனை படி? அங்கிருந்து அறைக்கு எத்தனை படி? லிஃப்ட் உண்டா? 'கொஞ்சம் படி இருக்கும்' என்று சொன்னால் விடாதீர்கள், எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். பெட்டி தூக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். வண்டி நிறுத்தத்தில் நெற்றிப்பட்டை போட்டு முதுகில் சுமை தூக்கும் தொழிலாளிகள் இருப்பார்கள், அவர்களிடம் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். அறை ஹீட்டர் வாடகையில் சேர்த்தியா, தனிக் காசா? பெரும்பாலும் தனிக் காசுதான், ஒரு இரவுக்கு இவ்வளவு என்று. கழிப்பறை மேல்நாட்டு வகைதானா, பிடித்து எழுந்திருக்க ஏதாவது இருக்கிறதா என்பதையும் முழங்காலுக்காகக் கேட்டே ஆகவேண்டும். கடைசியாக, கஞ்சன்ஜங்கா அந்த அறை ஜன்னலிலிருந்தே தெரியுமா? மொட்டை மாடியிலிருந்து தெரிவதை எல்லாம் 'மவுண்டன் வியூ' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் குறிப்பிட்ட அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் அறை அதுதான் என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் கிடைத்துவிட்டால் அம்மாவின் பயணம் பாதி நிறைவேறிவிட்டது. விடிவதற்கு அரை மணி முன்னால் எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்காருங்கள். முதலில் சாம்பல், அப்புறம் சிகர நுனியில் ஒரு சிவப்பு, அது மெல்லக் கீழே வழிந்து மஞ்சளாகி, பிறகு முழு மலையும் வெள்ளையாகும். இதைப் பார்க்கத்தான் டைகர் ஹில்லுக்கு மூன்றரை மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போகிறார்கள். 1955-இல் முதன்முதலாக அந்தச் சிகரத்தில் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் என்பதால் கொடுத்த வாக்குப்படி உச்சியை மிதிக்காமல் சில அடி முன்னாலேயே நின்று திரும்பினார்கள். பின்னால் ஏறிய பலரும் அந்த வழக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு சௌரஸ்தாவிலிருந்து அப்சர்வேட்டரி மலையைச் சுற்றிவரும் மால் ரோட்டில் நடந்துவாருங்கள். டார்ஜிலிங்கில் ஏறக்குறையச் சமதரையான நடை இது ஒன்றுதான். வண்டித் தொல்லை இல்லை, நிறுத்தி நிறுத்தி உட்கார பெஞ்சுகள் உண்டு, வடபுறம் வந்ததும் மலை எதிரே நிற்கும். குன்றின் மேலே மகாகாளர் கோயில். பண்டிதரும் லாமாவும் ஒரே இடத்தில் பூசை செய்வார்கள். ஏற்றம் செங்குத்து, அம்மா வேண்டுமானால் கீழே பெஞ்சில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் மெதுவாகப் போய் வாருங்கள்.

அங்கே டாக்ஸிக்காரர்கள் 'த்ரீ பாயின்ட்', 'செவன் பாயின்ட்' என்று கணக்குச் சொல்லி விற்பார்கள். த்ரீ பாயின்ட் என்றால் டைகர் ஹில், கூம் மடாலயம், பதாசியா லூப் என்ற ரயில் வளையம். செவன் பாயின்ட் என்றால் உயிரியல் பூங்கா, மலையேற்றப் பயிற்சி நிலையம், ரோப்வே, தேயிலைத் தோட்டம், திபெத்திய அகதிகள் மையம் என்று போகும். ஏழுக்கும் சேர்த்து ஒரு நாள் என்று பேசாதீர்கள். இரண்டு மூன்றைப் பொறுக்கிக்கொண்டு அரை நாள் வண்டி பேசுங்கள். நான் பொறுக்குவதென்றால் முதலில் பத்மஜா நாயுடு உயிரியல் பூங்கா. சிவப்புப் பாண்டாவையும் பனிச்சிறுத்தையையும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க நம் நாட்டில் வேறு நல்ல இடம் சொல்வது கடினம். இரண்டையும் அங்கே இனப்பெருக்கம் செய்து காப்பாற்றி வருகிறார்கள். 1954-இல் தொடங்கிய மலையேற்ற நிலையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. டென்சிங் நோர்கே அங்கேதான் பயிற்சி இயக்குநராக இருந்தார், அவர் நினைவிடமும் அங்கேயே. உள்ளே ஏற்றம் உண்டு, மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். வியாழக்கிழமை பூங்கா மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளை வையுங்கள். ராக் கார்டனை விட்டுவிடலாம், அங்கே இறங்கும் பாதை முழுக்கச் செங்குத்து. ரோப்வேக்கு வரிசையில் நிற்பது அம்மாவுக்கு ஆகாது.

டைகர் ஹில் போக உங்களுக்கு ஆசை இருந்தால் தடுக்கவில்லை. அங்கிருந்து வெகுதூரத்தில் எவரெஸ்ட்டும் சின்னதாகத் தெரியும், அறை ஜன்னலில் அது கிடைக்காது. ஆனால் முதல் நாளே போகாதீர்கள். இரண்டு நாள் வானம் எப்படி என்று பார்த்துவிட்டு, முந்தைய இரவு நட்சத்திரம் தெரிந்தால் மட்டும் வண்டி சொல்லுங்கள். நீங்கள் மட்டும் போய் வந்தாலும் தப்பில்லை. கணவன் மனைவியாகப் போனால் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போகவேண்டும் என்று ஒரு எண்ணம் நமக்கு இருக்கிறது. அதனாலேயே ஒருவர் வலியை மறைத்துக்கொண்டு நடக்கிறார், இன்னொருவர் அரை மனதோடு சீக்கிரம் திரும்புகிறார். தினமும் இரண்டு மணி நேரம் அவரவர் விருப்பப்படி என்று ஊரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா சௌரஸ்தா பெஞ்சில் வெயில் காயட்டும், கம்பளிக் கடை பார்க்கட்டும்.

அந்த நேரத்துக்கு உங்களுக்கென்றே ஒரு இடம் வைத்திருக்கிறேன். இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் டார்ஜிலிங்குக்குக் கீழே சித்ராபோங்கில்தான் அமைந்தது. 1897 நவம்பரில் தொடங்கியது, 130 கிலோவாட். அந்தக் காலத்தில் மலை உச்சியில் தெருவிளக்கு எரிந்தது அதனால்தான். வாழ்நாள் எல்லாம் மின்வாரியத்தில் உழைத்தவர் அந்தப் பக்கம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வந்தால் எனக்கே வருத்தமாக இருக்கும். தேயிலைத் தோட்டங்களின் நடுவே செங்குத்தாக இறங்கும் பாதை. அதனால் விடுதிக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் பாதை எப்படி இருக்கிறது, உள்ளே விடுகிறார்களா என்று முதலிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டி போகும் தூரத்துக்குமேல் நடந்து இறங்க வேண்டாம், திரும்ப ஏற வேண்டும்.

ரயிலில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். நியூ ஜல்பைகுரியிலிருந்து மேலே வரை 88 கிலோமீட்டர் ரயிலிலேயே வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம், ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். டார்ஜிலிங் நிலையத்திலிருந்து கூம் போய்த் திரும்பும் 'ஜாய் ரைட்' போதும், சுமார் இரண்டு மணி நேரம். டீசலைவிட நீராவி எஞ்சின் வண்டிக்குக் கட்டணம் அதிகம், இருந்தாலும் நீராவியையே எடுங்கள். கரித்தூள் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஊட்டி ரயிலில் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். இங்கே அது கிடையாது. 1881-இல் போட்ட இரண்டடி அகலப் பாதை, வளையம் போட்டும் முன்னும் பின்னுமாக இசட் வடிவில் தள்ளியும்தான் மலை ஏறுகிறது. பதாசியா வளையத்தில் பத்து நிமிடம் நிற்கும். வானம் தெளிவாக இருந்தால் கூர்க்கா வீரர்களின் நினைவுத்தூணுக்குப் பின்னால் பனிமலை தெரியும். 7,407 அடியில் இருக்கும் கூம், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் சீசனில் கிடைக்காது.

சாப்பாடு பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். சோறு, பருப்பு, காய்கறி எங்கும் உண்டு. சைவம் என்றால் மார்வாடி போஜனாலயங்கள் இருக்கின்றன. தூக்பா என்ற சூடான நூடுல்ஸ் சூப் குளிருக்கு நன்றாக இருக்கும், சைவமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் நம்மூர்க்காரர்களை ஏமாற்றும். கிழக்கே இருப்பதால் நவம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கடைகளும் சீக்கிரம் மூடும், சின்ன விடுதிகளில் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இருட்டியபின் படிகளில் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள், பனி ஈரத்தில் வழுக்கும். கைத்தடிக்கு ரப்பர் முனை இருக்கட்டும். இன்னொன்று, அந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் பழைய கதை. பல விடுதிகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு வாளி வெந்நீரில் குளித்தால் அவர்களுக்குப் பெரிய உதவி.

தேயிலை வாங்காமல் வரமாட்டீர்கள். டார்ஜிலிங் தேயிலைதான் இந்தியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள். மார்ச், ஏப்ரலில் பறிப்பது முதல் பருவம், மே, ஜூனில் பறிப்பது இரண்டாவது. நவம்பரில் இலையுதிர்காலத் தேயிலை புதிதாகக் கிடைக்கும், விலையும் சற்றுத் தணிவு. கடையில் போட்டுக் காட்டச் சொல்லிக் குடித்துப் பார்த்து, நூறு கிராம் மட்டும் வாங்குங்கள். பால் ஊற்றினால் அதன் மணம் போய்விடும். நம் வீட்டு டீக்கு நீலகிரித் தூள்தான் பொருத்தம், அதற்காக அங்கிருந்து கிலோ கணக்கில் சுமக்க வேண்டாம்.

போகிற வழி. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது, நியூ ஜல்பைகுரியில் இறங்கலாம். ஆனால் இரண்டு நாளுக்குமேல் பெட்டிக்குள் இருக்க வேண்டும், மேல் படுக்கை வந்துவிட்டால் அம்மா என்ன செய்வார்? பேக்கேஜில் மூன்று ஊரைக் குறைத்ததில் மிச்சமாகும் பணத்தை விமானத்தில் போடுங்கள். சென்னையிலிருந்து நேராகவோ கொல்கத்தா மாறியோ பாக்டோக்ரா, அங்கிருந்து டார்ஜிலிங் சுமார் 70 கிலோமீட்டர், மூன்று மணி நேரச் சாலை. மதியத்துக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள், இருட்டில் மலை ஏற வேண்டாம். வண்டியில் முன் இருக்கை அம்மாவுக்கு, காலை நீட்டிக்கொள்ளலாம். கடைசி இரவை கர்சியாங்கில் வைக்கச் சொன்னதற்குக் காரணம், அது 4,800 அடியில், பாதி இறக்கத்தில் இருக்கிறது. மறுநாள் அவசரமில்லாமல் விமானத்துக்குப் போகலாம். மேலே வழியில் ஏதாவது மறியலோ மண் சரிவோ என்றாலும் பாதி தூரம் முன்னமே இறங்கியிருப்பீர்கள்.

அந்த நிறுவனத்திடமே போய், பேக்கேஜை இப்படி மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் செய்வார்கள். 'டார்ஜிலிங்கில் ஐந்து நாள் என்ன சார் செய்வீங்க' என்று சிரித்தால் வேறு ஆள் பாருங்கள். வண்டியை மட்டும் ஆறு நாளுக்கும் மொத்தமாகப் பேசவேண்டாம், சும்மா நிற்கிற நாளுக்கும் காசு போகும். ஏற, இறங்க, நடுவில் இரண்டு அரை நாள், அவ்வளவுதான் தேவை. இரண்டு மூன்று விடுதிகளைத் தேர்ந்தெடுத்துப் படிக் கணக்குக் கேட்டு வைத்ததும் பெயர்களை எனக்கு எழுதுங்கள், எந்த விடுதி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.